வேற்றுலக விருந்தினனுக்கு உடல் தந்த கலைஞர்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

கண்ணால் கண்ட ஒன்றை வரைவது எளிதன்று. எவருமே கண்டிராத ஒன்றை வரைந்து, அது எங்கோ உயிரோடு உலவுகிறது என்று பார்ப்பவரை நம்ப வைப்பது அதனினும் அரிது. இன்று தொலைக்காட்சியிலும் திரைப்படத்திலும் வேற்றுக் கிரகத்து உயிர்கள் நாள்தோறும் வந்து போகின்றன. மூன்று கண், நான்கு கை, பச்சைத் தோல், தலையில் கொம்பு என்று எத்தனையோ வேடங்கள்! அவற்றுள் பெரும்பாலானவை மறுநாள் நம் நினைவில் இருப்பதில்லை. ஒன்றிரண்டு மட்டும் நெஞ்சில் தங்கிவிடுகின்றன. இந்த வேறுபாடு எதனால் வருகிறது? இவ்வினாவுக்கு விடை தேடியபோது எனக்குக் கிடைத்தது ஒரு மனிதரின் வாழ்க்கை. அவர் வங்கம் தந்த மாபெரும் கலைஞர் சத்யஜித் ரே.

ரே என்றதும் பாதேர் பாஞ்சாலி நம் நினைவுக்கு வரும். உலக அரங்கில் இந்தியத் திரைப்படத்துக்குத் தனி இடம் தேடித் தந்தவர் என்று பாராட்டுவோம். அவரே 1967ஆம் ஆண்டில் ஒரு வேற்றுலக உயிரை எழுத்திலும் கோட்டிலும் படைத்து, அதை வங்காளக் கிராமம் ஒன்றின் தாமரைக் குளத்தில் இறக்கினார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. ஏலியன் என்ற அந்தப் படம் கடைசிவரை எடுக்கப்படவேயில்லை. எடுக்காத படத்தைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். அந்தச் சிற்றுயிரின் உருவத்தில் ரேயின் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. அதைக் காட்டவே இக்கட்டுரை.

யாளி சொல்லும் பாடம்

நான் தாமலைச் சேர்ந்தவன். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரியும் வராகீசுவரர் கோயிலும் கொண்ட ஊர் அது. எங்கள் வீட்டில் பட்டுத்தறி உண்டு. ஆகவே இல்லாத விலங்குகள் எனக்குப் புதியவை அல்ல. கரையில் யாளி ஓடும். முந்தியில் இருதலைப்பட்சி நிற்கும். யாளியை யார் கண்டார்? சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையும் ஒன்று சேர்ந்த விலங்கு எந்தக் காட்டிலும் இல்லை. ஆயினும் வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் அதைப் பார்க்கும் எவரும் அது பொய் என்று நினைப்பதில்லை.

எங்கள் பெரியப்பா இதற்குச் சொல்லும் காரணம் மிக எளியது. யாளி எதைச் சுமக்கிறது, எந்தக் காலில் நிற்கிறது என்று தெரிந்து வரைந்தவன் வரைந்தால்தான் அது யாளி. இல்லையென்றால் அது சரிகைக் கறை. கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக யாளியை எழுதி, அதை அட்டையில் துளையாக்கி, ஜக்கார்டில் ஏற்றி நெய்யும்போது பின்னங்கால் ஒரு கட்டம் தள்ளிப் போனாலும் விலங்கு சாய்ந்துவிடும். எங்கள் வீட்டில் எழுதிய ஓர் உருவை விசைத்தறிக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டு போய்ப் பாதி விலைக்கு நெய்து விற்றார். வெளிக்கோடு அப்படியே இருந்தது. ஆனால் அந்த யாளி நிற்கவில்லை, மிதந்தது. காரணம் தெரியாமல் கோட்டை மட்டும் எடுத்தால் அப்படித்தான் ஆகும்.

இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ரேயின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

விநோத உயிர்கள் விளையாடிய வீடு

சத்யஜித் ரே 1921ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். கர்பார் சாலையில் இருந்த அவ்வீட்டில் ஓர் அச்சகமும் இருந்தது. பாட்டனார் உபேந்திரகிஷோர் எழுத்தாளர், ஓவியர், இசை வல்லுநர். இந்தியாவில் படங்களை அச்சிடும் கலையில் முன்னோடி. அவர் 1913இல் சந்தேஷ் என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். தந்தையார் சுகுமார் ரே வங்கக் குழந்தைகளுக்குச் சிரிப்பைச் சொத்தாக விட்டுச்சென்றவர். வாத்தையும் முள்ளம்பன்றியையும் ஒட்டி ஓர் உயிர், கொக்கையும் ஆமையையும் ஒட்டி மற்றோர் உயிர் என்று அவர் பாடலிலும் படத்திலும் படைத்தவை இன்றும் வங்காள வீடுகளில் வாழ்கின்றன. அவை வெறும் கேலிச் சித்திரங்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ஒரு குறை உண்டு. ஒரு பிடிவாதம் உண்டு. அதனாலேயே அவை உயிர் பெற்றன.

அந்தத் தந்தை 1923இல், தம் 35ஆம் வயதில் மறைந்தார். மகனுக்கு அப்போது இரண்டரை வயதுகூட நிறையவில்லை. சில ஆண்டுகளில் அச்சகமும் கடனில் மூழ்கிக் கைவிட்டுப் போனது. தாயார் சுப்ரபா உறவினர் வீட்டில் தங்கி, தையலும் கைவேலையும் கற்பித்து மகனை வளர்த்தார். தந்தையின் முகம் நினைவில் இல்லாத சிறுவனுக்குத் தந்தை விட்டுச்சென்ற விநோத உயிர்களே துணையாயின என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றபின், தாயாரின் விருப்பத்துக்கு இணங்கி 1940இல் சாந்திநிகேதனத்தின் கலாபவனத்தில் சேர்ந்தார். நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி ஆகியோர் அங்கு ஆசிரியர்கள். ஒரு மரத்தை வரையுமுன் அது எப்படி வேர் ஊன்றி எழுந்தது என்று உணர வேண்டும் என்னும் கீழ்த்திசை ஓவிய மரபை அவர் அங்கு கற்றார். அஜந்தா, எல்லோரா, சாஞ்சி, கஜுராஹோ ஆகிய இடங்களை நண்பர்களுடன் சுற்றிப் பார்த்ததும் அக்காலத்தில்தான். கல்லில் வடித்த கற்பனை உயிர்களை அங்கே அவர் கண்ணாரக் கண்டார்.

பசியின் உருவம்

படிப்பை முடிக்காமலே திரும்பிய ரே, 1943இல் டி.ஜே. கீமர் என்னும் விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய்ச் சம்பளத்தில் ஓவியராகச் சேர்ந்தார். அந்த 1943ஆம் ஆண்டை வங்கம் என்றும் மறக்காது. பெரும் பஞ்சம் வந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். கிராமங்களிலிருந்து கஞ்சித் தண்ணீர் கேட்டு வந்தவர்கள் கல்கத்தாவின் நடைபாதைகளில் விழுந்து இறந்தார்கள். நான்கு ஆண்டுகளில் நாடு பிரிந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் வந்து ரயில் நிலையங்களில் நிறைந்தார்கள். பெரிய தலை, குச்சிக் கைகால், ஒட்டிய வயிறு கொண்ட குழந்தைகளை அந்நகரில் வாழ்ந்த எவரும் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ரே பிற்காலத்தில், 1973இல், அப்பஞ்சத்தை வைத்தே அசனி சங்கேத் என்ற படத்தை எடுத்தார். நண்பர்கள் இந்தச் செய்தியை நினைவில் கொள்ள வேண்டுகிறேன்; பின்னால் தேவைப்படும்.

புத்தக அட்டைகள் வரைந்தும், பாதேர் பாஞ்சாலி நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் போட்டும் வந்த ரே, அதே கதையை 1955இல் திரைப்படமாக்கிப் புகழ் பெற்றார். அதன் ஒவ்வொரு காட்சியையும் முன்கூட்டியே படமாக வரைந்து வைத்திருந்தார். இது அவருடைய நெடுநாளைய வழக்கமாயிற்று. உடை, அரங்கம், முகம் எல்லாம் முதலில் தாளில் பிறக்கும். பிறகுதான் திரைக்கு வரும்.

சந்தேஷ் இதழில் வந்த விருந்தினர்கள்

நின்றுபோயிருந்த சந்தேஷ் இதழை 1961இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து ரே மீண்டும் தொடங்கினார். இதழை நிரப்பக் கதை வேண்டும். ஆகவே தாமே எழுதத் தொடங்கினார். அவ்வாண்டே விஞ்ஞானி சங்கு பிறந்தார். முதற்கதையிலேயே சங்கு செவ்வாய்க்குப் போகிறார். அங்கே அவர் காணும் உயிர், மனிதனும் அன்று, மிருகமும் அன்று, மீனும் அன்று. ஆயினும் மூன்றின் சாயலும் அதற்கு உண்டு. உயரம் மூன்று முழத்துக்கு மேல் இல்லை. கை இருக்க வேண்டிய இடத்தில் செதில் சிறகு. பல்லில்லாத பெரிய வாய். முகத்தின் நடுவே ஒரே பச்சைக் கண். தந்தையார் செய்த ஒட்டு வேலையின் தொடர்ச்சி இது என்று எவரும் கண்டுகொள்ளலாம்.

அடுத்த ஆண்டில், 1962இல், வங்குபாபுவின் நண்பன் என்ற சிறுகதை வந்தது. இதில் வேற்றுலகத்தவன் தானே நம் உலகுக்கு வருகிறான். வங்குபாபு ஓர் ஏழை ஆரம்பப் பள்ளி ஆசிரியர். மாலைதோறும் வக்கீல் வீட்டில் கூடும் நண்பர் கூட்டம் அவரைக் கேலி செய்து மகிழும். அவர் மறுபேச்சுப் பேசுவதில்லை. ஒருநாள் இரவு மூங்கில் தோப்பு வழியே வீடு திரும்பும்போது, வழி தவறி இறங்கிய விண்கலத்தையும் அதிலிருந்து வரும் ஆங் என்னும் உயிரையும் காண்கிறார். மெல்லிய கைகால், மயிரற்ற வழுவழுப்பான தலை, காது, மூக்கு, வாய் இருக்க வேண்டிய இடங்களில் வெறும் துளைகள், ஒளிவீசும் மஞ்சள் கண்கள். ஆங்குக்கு வயது 833. தெரிந்த மொழிகள் 14,000. இவ்வளவு பெரிய அறிவாளி அந்த எளிய ஆசிரியரை மதித்துப் பேசுகிறான். மறுநாள் வங்குபாபு நிமிர்ந்து நிற்கிறார். கேலி செய்தவர்களுக்குப் பதில் கொடுத்துவிட்டு அக்கூட்டத்தை விட்டு வெளியேறுகிறார்.

கதையில் உண்மையில் மாறியது யார்? வானத்திலிருந்து வந்தவன் மாறவில்லை. மூங்கில் தோப்பில் நின்றவரே மாறினார். வேற்றுலக உயிரை நம்ப வைக்க, அதைச் சந்திக்கும் மனிதனை முதலில் நம்பும்படி செய்ய வேண்டும் என்பதை ரே இங்கே கண்டுகொண்டார்.

தாமரைக் குளத்தில் ஒரு கோபுரம்

1960களின் நடுவில் கல்கத்தாவில் அறிவியல் புனைகதைப் படங்களுக்கென்றே ஒரு திரைப்படச் சங்கம் தோன்றியது. ரே அதன் தலைவர். அதையொட்டி இலங்கையில் வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குடன் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. 1966இல் இலண்டனில் இருவரும் சந்தித்தபோது தம் மனத்திலிருந்த கதையை ரே சொன்னார். கிளார்க் அதைத் தம் நண்பர் மைக் வில்சனிடம் சொன்னார்.

இந்த வில்சன் தமிழர் நாம் அறிந்திருக்க வேண்டியவர். கிளார்க்கோடு இலங்கைக் கடலில் மூழ்கித் திரிந்த சாகசக்காரர். திருகோணமலைக் கடலடியில், போர்ச்சுகீசியர் இடித்த கோணேசுவரர் கோயிலின் சிதைவுகளை 1956இல் கண்டவர். சிங்களத்தின் முதல் வண்ணப்படமான ரன் முத்து துவ படத்தை 1962இல் இயக்கியவர். அவர் 1967இல் கல்கத்தாவுக்கு வந்து, படத்தைத் தாம் உலக அளவில் நடத்தித் தருவதாகச் சொல்லி ரேயை எழுதத் தூண்டினார். சில வாரங்களில் திரைக்கதை முடிந்தது.

கதை இதுதான். மங்கல்பூர் என்னும் கிராமத்துத் தாமரைக் குளத்தில் ஓர் இரவு விண்கலம் ஒன்று இறங்குகிறது. காலையில் நீருக்கு மேல் அதன் உச்சி மட்டும் தெரிகிறது. ஊரார் அதைக் கண்டு, மண்ணில் புதைந்த பழங்கோயில் மேலே எழுந்துவிட்டதென்று கைகூப்புகிறார்கள். பஜோரியா என்னும் செல்வர், குளத்தை இறைத்துக் கோயிலைப் புதுப்பித்துத் தம் பெயரைக் கல்லில் பொறிக்க எண்ணுகிறார். வறண்ட நிலத்தில் கிணறு துளைக்க வந்த அமெரிக்கப் பொறியாளர் ஒருவருக்கும், கல்கத்தாவிலிருந்து வந்த பத்திரிகையாளர் ஒருவருக்கும் மட்டுமே ஐயம் எழுகிறது. இதற்கிடையே கலத்திலிருந்து வந்த உயிர் யாருக்கும் தெரியாமல் ஊருக்குள் உலாவுகிறது. ஹாபா என்னும் அநாதைச் சிறுவனின் கனவில் புகுந்து அவனோடு விளையாடுகிறது.

நம் காஞ்சிபுரத்தாருக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் திருக்குளத்தில் அத்திவரதர் நீருக்குள் பள்ளிகொண்டிருக்கிறார். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்தருளுகிறார். 1979இலும் 2019இலும் மக்கள் வெள்ளம் வந்ததை நம் ஊர்கள் கண்டன. நீருக்குள்ளிருந்து தெய்வம் எழுவது நமக்குக் கதையன்று. இந்திய மண்ணில் நீருக்கு மேல் ஓர் உச்சி தெரிந்தால் ஊரார் என்ன நினைப்பார்கள் என்று ரேக்குத் தெரிந்திருந்தது. அந்த நினைப்பு உண்மையாக இருப்பதால், குளத்துக்குள் கிடக்கும் கலமும் உண்மையாகிவிடுகிறது.

உடலுக்கு ஒரு காரணம்

இனி அந்த உயிரின் உருவத்துக்கு வருவோம். ரே அதை எழுதியும் வரைந்தும் வைத்தார். சிறிய உடல், பெரிய தலை, குச்சி போன்ற கைகால், மெலிந்த மார்பு. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. கண் இருக்க வேண்டிய இடத்தில் குழிகள். பார்த்தால் பெரிய தீமையையோ பெரிய வலிமையையோ அதனோடு சேர்த்து எண்ணத் தோன்றாது. ஆயினும் உள்ளூர ஓர் அச்சம் எழும்; நோயுற்ற மனிதக் குழந்தையின் சாயல் அதில் இருப்பதே காரணம். பட்டினி கிடந்த அகதிக் குழந்தையை நினைத்தே ரே இவ்வுருவை விவரித்தார்.

அக்காலத்தில் மேனாடுகளில் இவ்வேலை எப்படி நடந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். பிரிட்டனில் பி.பி.சி.யின் டாக்டர் ஹூ என்னும் தொடர் 1963 நவம்பரில் தொடங்கியது. அடுத்த மாதமே அதில் டாலெக்குகள் தோன்றின. அவற்றை வடிவமைத்தவர் ரேமண்ட் குசிக் என்னும் ஊழியர். வேடத்துக்குள் மனிதன் இருக்கிறான் என்பதை மறைப்பதே தொலைக்காட்சிக்காரரின் முதல் தொல்லை. அதைக் காட்டிக்கொடுப்பவை கால்கள். ஆகவே கால்களே இல்லாத உருவம் செய்யப்பட்டது. உள்ளே ஒருவர் அமர்ந்து அதை நகர்த்துவார். நாடே நடுங்கியது. உரிமைத்தொகை கதாசிரியருக்குப் போயிற்று; மாதச் சம்பளக்காரரான குசிக்குக்கு அதில் பங்கில்லை. அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய ஸ்டார் டிரெக் தொடர் மறுவழியில் சென்றது. முழு மனிதனை வைத்துக்கொண்டு காதின் நுனியையும் புருவத்தையும் மட்டும் மாற்றியது. அறிவு மிகுந்து உணர்ச்சியை அடக்கியவன் என்ற குணத்தைச் சேர்த்தது. குறைந்த செலவில் ஸ்பாக் என்னும் நிலைத்த பாத்திரம் பிறந்தது.

ஒருவர் மனிதச் சாயலை முற்றும் அழித்தார். மற்றவர் ஏறக்குறைய முழுதும் வைத்துக்கொண்டார். ரே மூன்றாவது வழியை எடுத்தார். நாம் பார்த்தும் பாராததுபோல் கடந்துபோகும் ஒரு மனித உருவை எடுத்து, அதையே விண்ணிலிருந்து வந்தவனின் உடலாக்கினார். நடைபாதையில் கிடந்த குழந்தை நமக்கு வேற்றுக் கிரகத்தான்போல் ஆகிவிட்டதல்லவா? அதனால்தான் வேற்றுக் கிரகத்தான் அக்குழந்தைபோல் வந்தான்.

அது மட்டுமா? அந்த உயிர் ஊருக்குள் வந்து செய்யும் வேலைகளைப் பாருங்கள். பருவம் அல்லாப் பருவத்தில் மாமரத்தைக் காய்க்க வைக்கிறது. விளையாத நெல்வயலை ஒரே இரவில் முற்ற வைக்கிறது. பட்டினியின் உருவில் வந்தவன் உணவைக் கொடுக்கிறான்! திரைக்கதை எழுதப்பட்ட காலத்தில் வங்கத்தில் அரிசித் தட்டுப்பாடு. 1966இல் உணவுக்காகப் போராட்டம் நடந்தது. பக்கத்துப் பீகாரில் வறட்சி. ஆகவே உருவம் ஒன்று, செயல் ஒன்று என்று பிரிந்து நிற்கவில்லை. 1943இல் ஓர் இளம் ஓவியரின் கண்ணில் விழுந்தது 24 ஆண்டுகள் கழித்து இப்படி வெளிவந்தது என்றே நான் கொள்கிறேன். அவர் அப்படி எங்கும் சொன்னதாக நான் கூறவில்லை. கோடுகள் அவ்வாறு சொல்கின்றன.

முடிவில் அந்த உயிர் பூமியிலிருந்து எடுத்துச்செல்வது பொன்னையோ அரசர்களையோ அல்ல. அநாதைச் சிறுவன் ஹாபாவும் சில சிற்றுயிர்களுமே அதன் கலத்தில் போகின்றன. எவரும் பொருட்படுத்தாதவற்றை அது பொருட்படுத்தியது.

கைநழுவிய கனவு

இதன்பின் நடந்தது வருத்தமான கதை. ரே பாரிஸ் சென்று நடிகர் பீட்டர் செல்லர்ஸைச் சந்தித்தார். பஜோரியா வேடத்துக்கு அவர் இசைந்தார். 1967 ஜூனில் ஹாலிவுட் சென்றார். கொலம்பியா நிறுவனம் பொருள் தர முன்வந்தது. ஆனால் அங்கே தம் திரைக்கதையின் படிகள் பலர் கையில் இருப்பதை ரே கண்டார். அவற்றில் உரிமையாளராகத் தம் பெயரோடு வில்சன் பெயரும் இருந்ததைக் கண்டு திகைத்தார். அடுத்த ஆண்டில் செல்லர்ஸ் விலகினார். வில்சனோடு உடன்பாடு ஏற்படவில்லை. வில்சன் பின்னர் உலக வாழ்வைத் துறந்தார். சுவாமி சிவ கல்கி என்ற பெயருடன் கதிர்காமத்து முருகனடியாராக வாழ்ந்து 1995இல் மறைந்தார்.

1982இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் இ.டி. வெளிவந்தது. பெரிய தலை, மெலிந்த கை, சிறுவனோடு நட்பு, செடிகளைத் தழைக்க வைக்கும் ஆற்றல் ஆகியவற்றைக் கண்டவர்கள் ரேயின் கதையை நினைத்தார்கள். கிளார்க்கே இந்த ஒற்றுமையை ரேயிடம் எடுத்துச் சொன்னார். அமெரிக்காவில் உலவிய தம் திரைக்கதை இல்லாமல் அப்படம் பிறந்திருக்காது என்பது ரேயின் எண்ணம். ஸ்பீல்பெர்க் அதை மறுத்தார். ரே வழக்காடவில்லை. தம் வேலை காத்திருக்கிறது என்று திரும்பிவிட்டார். நெசவாளர் வீட்டுப் பிள்ளையாகிய எனக்கு இவ்விடத்தில் நெஞ்சு சுடுகிறது. உருவைப் படைத்தவன் ஓரிடத்தில், அதன் பயன் வேறிடத்தில் என்பது நாங்கள் நன்கறிந்த துயரம்.

ஆனால் ரே துயரத்தில் தங்கிவிடவில்லை. 1969இல், பாட்டனார் எழுதிய கதையை கூபி கைன் பாகா பைன் என்ற படமாக்கினார். அதில் ஏறத்தாழ ஆறு நிமிடப் பேய் நடனம் ஒன்று உண்டு. அரசர், குடியானவர், வெள்ளைக்காரர், தொந்தி பெருத்தவர் என நான்கு வகைப் பேய்கள். அவற்றை வேறுபடுத்த ரே நாடியது நம் தென்னாட்டுத் தாளவாத்தியங்களை! அரசப் பேய்களுக்கு மிருதங்கம், குடியானவருக்குக் கஞ்சிரா, விறைப்பான வெள்ளைக்காரருக்குக் கடம், பருத்த பேய்களுக்கு முகர்சிங். ஒப்பனையைவிட நடையும் ஒலியுமே ஓர் உயிரை வேறாக்கும் என்பதை அறிந்தவர் செய்த வேலை அது. நம் கலையை அவர் எவ்வளவு மதித்தார் என்பதற்கு 1976இல் பாலசரஸ்வதி அம்மையாரைப் பற்றி அவர் எடுத்த பாலா என்ற செய்திப்படமும் சான்று. அந்த அம்மையார் குழந்தைப் பருவத்தில் அரங்கேறியது நம் காஞ்சிபுரத்தில்தான் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

நமக்கு உரியது

1983இல் மாரடைப்பால் பாதிக்கப்பட்ட ரே, அதன்பின்னும் படம் எடுத்தார், கதை எழுதினார், சந்தேஷுக்குப் படம் வரைந்தார். 1992இல் பாரத ரத்னா விருதும் சிறப்பு ஆஸ்கர் விருதும் பெற்று, அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார். குளத்தில் இறங்கிய விருந்தினன் தாளிலேயே தங்கிவிட்டான். ஆனால் அவனுக்கு மூத்தவனாகிய ஆங், 2006இல் கௌசிக் சென் இயக்கத்தில் வங்கத் தொலைக்காட்சிப் படமாக வீடுகளுக்கு வந்தான். திரைக்கதையும் படங்களும் கடிதங்களும் 2018இல் ரேயின் மகன் சந்தீப் ரே பதிப்பித்த நூலில் வெளிவந்தன. ஆகவே இன்று எந்த மாணவனும் அவற்றை எடுத்துப் பார்க்கலாம்.

ரே விரும்பியிருந்தால் விண்கலத்தை நியூயார்க்கில் இறக்கியிருக்கலாம், ஹாலிவுட் மகிழ்ந்திருக்கும். அவர் அதை மங்கல்பூரில் இறக்கினார். கதைகள் நிகழத் தகுதியற்ற ஊர் எதுவுமில்லை என்று அவர் நம்பினார். நம்மில் பலர் கிராமங்களிலிருந்து பேருந்து ஏறிக் கல்லூரிக்கு வருபவர்கள். நம் ஊரில் என்ன இருக்கிறது என்று கூசுகிறோம். கதை எழுத உட்கார்ந்தால் நாம் காணாத நகரங்களில் தொடங்குகிறோம். உருவம் வரைந்தால் திரையில் பார்த்ததன் வெளிக்கோட்டை எடுக்கிறோம். அது விசைத்தறி யாளியாகவே முடியும்.

எங்கள் தாமல் ஏரி கோடையில் வற்றும்போது, நடுவே வெடித்த சேற்றில் பறவைகளின் காலடிகள் வரிவரியாக இருக்கும். ஒரு சுவடும் பொய்யாக இராது. ஒவ்வொன்றிலும் அந்தப் பறவையின் எடையும் நடையும் தெரியும். வேற்றுலகத்தான் ஒருவன் அங்கே இறங்கினால் அவனுடைய சுவடு எப்படி இருக்கும்? எத்தனை விரல்? எவ்வளவு ஆழம்? ஏரிக்கரையில் அவனை முதலில் பார்ப்பவர் யார். அவர் என்ன நினைப்பார்? இக்கேள்விகளுக்கு விடை தெரிந்தபின் பென்சிலை எடுக்கும் மாணவன் எவனோ, அவன் ரேயின் மாணவன். அப்படி ஒருவரேனும் நம் கல்லூரியிலிருந்து வரவேண்டும் என்பது என் ஆசை.